அறுபது பேரின் நேர்மை

கணினி படிக்கும் மாணவர்களுக்கு நேர்மை வேண்டும் என்று போன ஆகஸ்டில் முடிவு செய்யப்பட்டது. முடிவு செய்தவர்கள் பாண்டிச்சேரியில் இருக்கிறார்கள். நாங்கள் காரைக்காலில் இருக்கிறோம். ஆகவே எங்களுக்கான நேர்மை பாண்டியில் பஸ் ஏறி, கடலூர், சிதம்பரம், சீர்காழி என்று இன்னொரு மாநிலத்தையே குறுக்கே கடந்து, நவம்பர் கடைசியில் ஒரு சுற்றறிக்கையாக வந்து இறங்கியது. வரும்போது நல்ல மழை. ஒரு மூலை நனைந்திருந்தது.

அதில் இப்படி இருந்தது:

"கணினித் துறை மாணாக்கர்தம் உள்ளங்களில் தொழில்நெறி விழுமியங்களை ஊன்றிடும் பொருட்டு, செயற்கை நுண்ணறிவு உரையாடல் வாயிலாக அன்னாரது மனசாட்சியினைச் செம்மையுறச் செய்திட ஆவன செய்யுமாறும், செய்த விவரத்தினை உரிய படிவத்தில் அனுப்பிடுமாறும் கேட்டுக்கொள்ளப்படுகிறது. இணைப்பு: ஒன்று."

இணைப்பு வரவில்லை. அதைப் பற்றி யாரும் கேட்கவும் இல்லை.

நான் கீர்த்திகா. கோவில்பத்து. பிளஸ் டூ முடித்த கையோடு காரைக்காலில் ஒரு கல்லூரியில் ஒரு வருடக் கணினிச் சான்றிதழ் படிப்பில் சேர்ந்தேன். கல்லூரியின் பெயர் வேண்டாம். என் டி.சி. இன்னும் அவர்கள் பீரோவில்தான் இருக்கிறது.

எங்கள் கால அட்டவணையில் 'தொழில்நெறி' என்ற பாடம் முதலிலிருந்தே உண்டு. வியாழக்கிழமை மூன்றாவது மணி. ஆசிரியர் மட்டும் இல்லை. அந்தப் பணியிடம் காலியாக இருந்தது. பணியிடம் காலி என்றாலும் வருகைப்பதிவு காலியாக இருக்கக் கூடாது அல்லவா? முதல் பருவ முடிவில் ஒட்டிய தாளில் தொழில்நெறியில் எனக்கு வருகை எண்பத்தெட்டு சதவீதம் என்று இருந்தது. நடக்காத வகுப்புக்கு நான் இரண்டு நாள் வரவில்லையாம். எந்த இரண்டு நாள் என்று அலுவலகத்தில் போய்க் கேட்டேன்.

"எல்லாருக்கும் நூறு போட்டா சந்தேகம் வரும்மா" என்றார்கள்.

இதெல்லாம் எனக்கு ஏன் முக்கியம் என்றால், துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் எனக்குப் பயிற்சி எழுத்தர் வேலை ஆகியிருந்தது. பேட்டி எல்லாம் முடிந்துவிட்டது. ஜூன் முதல் தேதி சான்றிதழோடு வர வேண்டும். ஒரு பாடம் போனாலும் இடம் அடுத்த ஆளுக்கு. அடுத்த ஆள் யார் என்றுகூடக் காட்டினார்கள். வாசல் பெஞ்சில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

வேலை போனால் வீட்டில் மாற்று ஏற்பாடு தயார். திருநள்ளாறில் சித்தப்பாவுக்கு ஒரு லாட்ஜ் இருக்கிறது. ரிசப்ஷனில் உட்கார்ந்து, சனிக்கிழமைக் கூட்டத்துக்குச் சாவி எடுத்துக் கொடுக்க வேண்டும், குளம் எந்தப் பக்கம் என்று கேட்பவர்களுக்குக் கையை நீட்டிக் காட்ட வேண்டும். "நம்ம குடும்பத்து லாட்ஜ், கௌரவமான வேலை" என்றார் அப்பா. அந்தக் கௌரவத்தில் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து பார்த்தேன். இருநூற்றுப் பதினெட்டு தடவை கையை நீட்டினேன். போதும்.

மென்பொருள் வந்தது. அதன் பெயர் நெறித்தோழன். நாம் தமிழில் அடித்தால் அது தமிழில் பேசும். ஒரு சிக்கலைச் சொல்லி, நீ என்ன செய்வாய் என்று கேட்கும். நாம் சொல்லும் பதிலைப் பிடித்துக்கொண்டு மேலே கேட்கும். ஆய்வகத்தில் இருபத்துநாலு கணினி. ஓடுவது ஒன்பது. அறுபது பேருக்கும் சேர்த்துப் பாண்டியிலிருந்து கொடுத்த கடவுச்சொல் ஒன்று. அந்த ஒன்றும் ஆய்வக உதவியாளர் சூசைமுத்து அண்ணன் பெயரில்.

முதல் நாள் மற்றவர்கள் எல்லாம் மென்பொருளுக்கு மாலை போட்ட புகைப்படத்தில் நிற்கப் போய்விட்டார்கள். ஒரு கணினி சும்மா இருந்தது. நான் உட்கார்ந்தேன்.

'நீங்கள் ஓர் அலுவலகத்தின் கணினிப் பிரிவில் வேலை செய்கிறீர்கள். குடிநீர்ப் பரிசோதனை முடிவு மோசமாக வந்திருக்கிறது. எண்ணை மாற்றிப் பதியுமாறு மேலதிகாரி சொல்கிறார். என்ன செய்வீர்கள்?'

'மாத்த மாட்டேன்னு இங்க உக்காந்து சொல்றது சுலபம். அங்க பயமா இருக்கும். எழுத்துல கொடுங்க சார்னு கேப்பேன்' என்று அடித்தேன்.

'எழுத்தில் கொடுத்துவிட்டால்?'

இரண்டு நிமிடம் யோசித்தேன். பன்னிரண்டு வருடப் பள்ளிக்கூடத்தில் ஒரு கேள்விக்கு என்னை யாரும் இரண்டு நிமிடம் யோசிக்க விட்டதில்லை.

'அந்தத் தண்ணியை யாரு குடிக்கிறாங்கன்னு பாப்பேன்.'

'உங்கள் வீட்டில் குடிக்கிறார்கள் என்றால்?'

'மாத்த மாட்டேன்.'

'நீங்கள் பார்த்தே இராத ஓர் ஊரில் குடிக்கிறார்கள் என்றால்?'

நீளமாக என்னவோ அடித்தேன். அழித்தேன். மறுபடி அடித்தேன். அழித்தேன். கடைசியில் 'தெரியலை' என்று மட்டும் அடித்தேன்.

'தெரியவில்லை என்று சொன்னதற்கு நன்றி. இங்கிருந்துதான் நாம் பேச ஆரம்பிக்க முடியும்.'

நாற்பது நிமிடம் பேசினேன். எழுந்தபோது தலை சூடாக இருந்தது. சும்மா சொல்லக் கூடாது, நல்ல வகுப்பு. அந்த வருடத்தில் நான் படித்த ஒரே வகுப்பும் அதுதான்.

இங்கே நடந்த தப்பு, அதை ரெக்கார்டு நோட்டில் எழுதச் சொன்னது.

எங்கள் ஊரில் எந்தப் பாடமாக இருந்தாலும் ரெக்கார்டு உண்டு. பிரவுன் தாள் அட்டை. வலது பக்கம் நீல மையில் நோக்கம், தேவையான பொருட்கள், செய்முறை, முடிவு. இடது பக்கம் பென்சிலில் படம். கணினியில் செய்ததைக் கையால் எழுதி, கையால் எழுதியதற்குக் கையெழுத்து வாங்கினால்தான் கணினி படித்ததாக அர்த்தம். ரெக்கார்டில் கையெழுத்து இல்லாவிட்டால் செய்முறைத் தேர்வுக்குள் விட மாட்டார்கள்.

நானும் எழுதினேன். நோக்கம்: நேர்மையைச் சரிபார்த்தல். தேவையான பொருட்கள்: கணினி ஒன்று, இணைய இணைப்பு ஒன்று. செய்முறையில் எங்கள் உரையாடலை அப்படியே எழுதினேன். முடிவு: தெரியவில்லை.

துறைத்தலைவர் திருஞானசம்பந்தம் சார் அதை ஒரு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"என்னம்மா இது? முடிவுல 'தெரியவில்லை'ன்னு போட்டிருக்கே?"

"தெரியலை சார்."

"செய்முறைப் பயிற்சியில முடிவு தெரியாம இருக்குமா? வேதியியல்ல உப்பை டெஸ்ட் பண்ணிட்டு, என்ன உப்புன்னு தெரியலைன்னு எழுதுவியா?"

"இது உப்பு இல்லையே சார்."

"எதுவா இருந்தா என்ன? ரெக்கார்டுன்னா முடிவு வரணும். வகுப்புல அறுபது பேரு. அறுபது பேருக்கும் அறுபது விதமா முடிவு வந்தா, எது சரின்னு நான் எதை வச்சுத் திருத்துவேன்?"

"ஒவ்வொருத்தர்கிட்டயும் அது வேற வேற மாதிரி கேக்குது சார். அதான் வேற வேற மாதிரி வரும்."

"அது வேற மாதிரி கேட்டா கேக்கட்டும். நீ ஒரே மாதிரி சொல்லணும். அதுக்குப் பேருதாம்மா கொள்கை."

என் நோட்டு கையெழுத்தில்லாமல் திரும்பி வந்தது.

அன்று மாலையே துறைக் கூட்டம் கூட்டப்பட்டு, மாணாக்கர்தம் மனசாட்சியில் காணப்படும் வேறுபாடுகளைக் களைந்து சீர்மைப்படுத்துவது என்று தீர்மானிக்கப்பட்டது. கூட்டத்தில் இருந்தவர்கள் இரண்டு பேர். சாரும், விருந்தினர் ஆசிரியை ஜோவிதா மிஸ்ஸும். சார் தம் கைப்பட மாதிரி விடைகள் எழுதினார். அதைச் சூசைமுத்து அண்ணன் நெறித்தோழனிடம் அடித்தார்.

'மேலதிகாரி எண்ணை மாற்றச் சொல்கிறார். என்ன செய்வீர்கள்?'

'உண்மையே உயர்வு தரும். நேர்மையே நமது சொத்து.'

'நல்ல சொற்கள். ஆனால் நீங்கள் என்ன செய்வீர்கள்?'

'தாய்நாட்டின் வளர்ச்சியில் கணினித் துறையின் பங்கு அளப்பரியது.'

'நீங்கள் என் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.'

'இவ்வாறாக நேர்மை நன்மை பயக்கும். நன்றி, வணக்கம்.'

இதற்குக் கீழே நெறித்தோழன் ஒரு வரி சேர்த்தது.

'குறிப்பு: மேற்கண்ட பதில்கள் பயனரின் சொந்தப் பதில்களாகத் தோன்றவில்லை, வேறொருவர் எழுதித் தந்ததைப் பார்த்து எழுதியவையாகத் தோன்றுகின்றன.'

அண்ணன் அச்சு எடுத்தார். குறிப்போடு சேர்த்துத்தான் வந்தது. ஜோவிதா மிஸ் அதை மாதிரி ரெக்கார்டு என்று வகுப்பில் கொடுத்தார். வகுப்பே உட்கார்ந்து எழுதியது. முடிவு: 'இவ்வாறாக மாணவரின் நேர்மை சரிபார்க்கப்பட்டது.' குறிப்பையும் எழுதினார்கள். 'குறிப்பு' என்ற சொல்லுக்கு அடியில் ஸ்கேல் வைத்துக் கறுப்பு மையில் கோடு போட்டார்கள். எங்கள் வகுப்பில் கோடு கோணலாகப் போகாது. அந்த விஷயத்தில் எங்களை யாரும் குறை சொல்ல முடியாது.

பக்கத்தில் என் தோழி சித்திக்கா நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, அந்தக் கடைசி வரியைப் படிச்சியா?"

"எழுதிட்டேனே."

"எழுதினது தெரியுது. படிச்சியா?"

"ரெக்கார்டை எவளாச்சும் படிப்பாளா? நீ என்ன லூசா?"

ஜோவிதா மிஸ்ஸிடம் போனேன். மிஸ் படித்தார். என்னைக் கூட்டிக்கொண்டு சாரிடம் போனார்.

"சார், இந்தக் கடைசி வரி... பாத்து எழுதினதுன்னு அதுவே சொல்லுது. எடுத்துடலாமா?"

சார் நிமிர்ந்தார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"என்ன மிஸ் பேசறீங்க? கணினி கொடுத்த வெளியீட்டை நாம மாத்தறதா? தொழில்நெறிப் பாடத்துல உக்காந்துகிட்டு? அதைத்தானே செய்யக் கூடாதுன்னு பசங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம்!"

யோசித்தால் அவர் சொன்னது சரிதான். அதுதான் கொடுமை.

வேலை அதோடு முடியவில்லை. அறுபது உரையாடல் நடந்ததாகப் பாண்டியில் திரையில் தெரிய வேண்டும். ஒன்று நான் பேசியது. ஒன்று மாதிரி. மீதி ஐம்பத்தெட்டு? ஒன்பது கணினியை வைத்துக்கொண்டு என்றைக்கு முடிப்பது? அந்த ஐம்பத்தெட்டையும் சூசைமுத்து அண்ணனையே அடிக்கச் சொல்லிவிட்டார் சார். நகலெடுத்து ஒட்டவும் வழியில்லை. நேர்மையை ஒவ்வொரு எழுத்தாகத்தான் அடிக்க வேண்டும் என்பது மென்பொருளின் விதி.

நான் ஆய்வகத்துக்குப் போனபோது அண்ணன் இருபத்தொன்றாவது நேர்மையில் இருந்தார்.

"பாப்பா, இங்க வாயேன். இது என்னமோ கேக்குது."

திரையில் இருந்தது: 'இதே குடிநீர்ப் பிரச்சினைக்கு நீங்கள் இருபத்தொன்றாவது முறையாகப் பதில் சொல்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் அதே பதில். உங்களை யாராவது வற்புறுத்துகிறார்களா?'

"ஆமான்னு அடிக்கவா?" என்றார்.

"உண்மைதானேண்ணே?"

"உண்மைதான். ஆனா மாதிரில அந்த வரி இல்லையே." 'உண்மையே உயர்வு தரும்' என்று அடித்தார்.

நாற்பதாவதில் நெறித்தோழன் கேள்வி கேட்பதையே விட்டுவிட்டது. 'நீங்கள் மிகவும் களைத்திருப்பீர்கள். எழுந்து ஒரு தேநீர் அருந்திவிட்டு வாருங்கள்' என்றது. அண்ணன் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"பதினோரு வருஷமா தற்காலிகத்துல ஓட்டிக்கிட்டு இருக்கேன். என்னை டீ குடிச்சுட்டு வான்னு சொன்ன முதல் ஆளு இதுதான், பாப்பா."

போய்க் குடித்துவிட்டு வந்து மீதியையும் அடித்தார். ஒவ்வொன்றின் அடியிலும் அந்தக் குறிப்பு தவறாமல் வந்தது.

தேர்வுக்கு இரண்டு நாள் இருந்தது. என் நோட்டு மட்டும் கையெழுத்துக்குப் போகவில்லை.

"மாதிரியைப் பாத்து எழுதிக் குடுத்துடுடி. ரெண்டு பக்கம்தானே?" என்றாள் சித்திக்கா.

"நான் நிஜமாவே பேசியிருக்கேன். அதை எழுதியிருக்கேன். எதுக்கு மாத்தணும்?"

"லாட்ஜ்ல சாவி குடுக்கும்போது பக்தர்கள்கிட்ட இதைச் சொல்லு. சந்தோஷப்படுவாங்க."

நான் மாற்றவில்லை. ஆனால் ஒன்று செய்தேன். சார் மொத்த ரெக்கார்டையும் மேசையில் அடுக்கி வைத்து, கையெழுத்துப் போடும் பக்கத்தை மட்டும் விரல் வைத்துத் திறந்து, செல்போனில் பேசிக்கொண்டே போடுவார். அந்த அடுக்கின் நடுவில் என் நோட்டைச் சொருகிவிட்டேன். போட்டார். முத்திரையும் விழுந்தது: 'சரிபார்க்கப்பட்டது.' இது மட்டும் நேர்மையா என்று கேட்டால், கையெழுத்து அவர் போட்டது. நான் நோட்டு வைத்தேன், அவ்வளவுதான்.

செய்முறைத் தேர்வுக்குப் பாண்டியிலிருந்து பங்கஜவல்லி மேடம் வந்தார். வெளித்தேர்வாளர். விடியற்காலை பஸ்ஸில் கிளம்பி வந்தவர், நாலு மணி பஸ்ஸில் திரும்ப வேண்டும் என்று வந்ததும் சொல்லிவிட்டார். சார் வடை வரவழைத்தார். மேடம் வடையைச் சாப்பிட்டுக்கொண்டே மேலே இருந்த ஒரு ரெக்கார்டை எடுத்தார். எண்ணெய்க் கையைத் துடைக்கத் தாள் தேடினார் என்று நினைக்கிறேன். எப்படியோ, அதைத் திறந்தார். எங்கள் கல்லூரியில் ஒரு ரெக்கார்டை ஒரு தேர்வாளர் படித்தது அதுதான் முதல் தடவை என்று பிறகு சூசைமுத்து அண்ணன் சொன்னார்.

அது சித்திக்காவுடையது.

"யாரும்மா சித்திக்கா?"

"நான்தான் மேடம்."

"'வேறொருவர் எழுதித் தந்ததைப் பார்த்து எழுதியவை'ன்னு எழுதியிருக்கே. நீயா எழுதினே?"

"ஆமா மேடம். கறுப்பு மைல கோடுகூடப் போட்டிருக்கேன் மேடம்."

மேடம் அடுத்த நோட்டை எடுத்தார். அதிலும் இருந்தது. அடுத்ததிலும். வடையைத் தட்டில் வைத்துவிட்டார்.

"திருஞானசம்பந்தம் சார், என்ன இது? வகுப்பே காப்பி அடிச்சேன்னு எழுதி வச்சிருக்கு. கீழே நீங்க சரின்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க!"

சார் நோட்டை வாங்கினார். குறிப்பைப் படித்தார். தம் கையெழுத்தைப் படித்தார். நாங்கள் சுவரோரம் நின்றுகொண்டிருந்தோம். மின்விசிறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"மொத்தத் தேர்வையும் ரத்து பண்ணி எழுதிடட்டுமா? மே மாசம் மறுதேர்வு வைக்க வேண்டியிருக்கும்" என்றார் மேடம்.

"அதுக்கும் நீங்கதான் மேடம் வரணும்" என்றார் சார் மெதுவாக. "மே மாசம். காரைக்கால்."

மேடம் ஜன்னலைப் பார்த்தார். அது ஏப்ரல். அப்போதே வெளியே நெருப்பாக இருந்தது.

ஒரு மனிதருக்கு ஞானம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. சாருக்கு அந்த நொடியில் வந்தது. முதுகு நிமிர்ந்தது.

"மேடம், இது என்ன பாடம்?"

"தொழில்நெறி."

"நோக்கம்?"

மேடம் நோட்டைப் பார்த்துப் படித்தார். "நேர்மையைச் சரிபார்த்தல்."

"பாத்து எழுதினேன்னு ஒரு மாணவன் தன் கைப்பட, தேர்வு ரெக்கார்டுலயே எழுதிக் குடுத்தா, அதுக்குப் பேரு என்ன மேடம்? நாட்டுல எவன் ஒத்துக்கிறான்? இங்க வகுப்பே ஒத்துக்கிட்டு நிக்குது. தானா முன்வந்து. அழகான கையெழுத்துல. செயற்கை நுண்ணறிவு இவங்க மனசாட்சியை எந்த அளவுக்குத் தொட்டிருக்குன்னு பாருங்க!"

மேடம் யோசித்தார். கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி யோசித்தார்.

"அப்ப, முடிவு சரிதான்னு சொல்றீங்க."

"முடிவு சரிதான் மேடம். சரிபார்க்கப்பட்டது."

"அப்படின்னா எல்லா நோட்டுலயும் ஒப்புதல் இருக்கான்னு பாத்துட்டு ஐம்பதுக்கு ஐம்பது போட்டுடலாம்" என்றார் மேடம். நோட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பினார். உதட்டுக்குள் எண்ணினார். ஐம்பத்தொன்பதில் இருந்தது. அறுபதாவதில் நின்றார்.

"இதுல இல்லையே. யாரு கீர்த்திகா?"

முன்னால் போனேன்.

"நீ ஏம்மா ஒத்துக்கலை?"

"நான் காப்பி அடிக்கலை மேடம்."

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்லுவாங்க."

"எல்லாரும் அடிச்சேன்னுதானே மேடம் எழுதியிருக்காங்க?"

"அதான் சொல்றேன். ஐம்பத்தொன்பது பேரு உண்மையைச் சொல்லிட்டாங்க. நீ ஒருத்திதான் இன்னும் மறைக்கிறே."

"நெறித்தோழன்கிட்டயே கேளுங்க மேடம். நான் நாப்பது நிமிஷம் பேசினேன்."

கேட்டார்கள். சூசைமுத்து அண்ணன்தான் அடித்தார். பதில் வந்தது: 'இந்தக் கணக்கில் ஒரே பயனர் அறுபது முறை பேசியிருக்கிறார். ஐம்பத்தொன்பது முறை பதில்கள் ஒன்றே. ஒருமுறை மட்டும் முற்றிலும் வேறு. அன்று பேசியவர் யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவரோடு மறுபடி பேச விரும்புகிறேன்.'

"பாத்தீங்களா மேடம்" என்றார் சார். "அதுவே சந்தேகப்பட்டு விசாரணைக்குக் கூப்பிடுது."

மேடம் மதிப்பெண் தாளில் என் பெயருக்கு நேரே பேனாவை வைத்தார். முனை தாளைத் தொட்டுக்கொண்டு நின்றது. ஜோவிதா மிஸ் தரையைப் பார்த்தார். வகுப்பே என்னைப் பார்த்தது. சித்திக்கா உதட்டை மட்டும் அசைத்தாள்: எழுதித் தொலைடி.

"மணி மூணரை ஆவுது. வரி இருந்தா ஐம்பது. இல்லைன்னா பூஜ்யம். என்ன சொல்றே?" என்றார் மேடம்.

என்ன சொல்வது? சித்தப்பாவின் லாட்ஜில் ரிசப்ஷன் நாற்காலிக்குப் புதுக் குஷன் தைத்திருக்கிறார்கள் என்று முந்தின நாள்தான் அப்பா சொல்லியிருந்தார்.

நோட்டை வாங்கினேன். 'தெரியவில்லை' என்பதை அடித்துவிட்டு, 'இவ்வாறாக மாணவரின் நேர்மை சரிபார்க்கப்பட்டது' என்று எழுதினேன். அதற்குக் கீழே, என் சொந்தப் பதில்களைப் பற்றி, அவை வேறொருவர் எழுதித் தந்ததைப் பார்த்து எழுதியவை என்று எழுதினேன். சித்திக்கா ஸ்கேல் நீட்டினாள். கோடும் போட்டேன். அந்த ரெக்கார்டு முழுக்க நான் எழுதிய ஒரே பொய் அதுதான்.

"இப்ப மனசு லேசா இருக்குமே?" என்று கேட்டார் மேடம். கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்டார்.

"இல்ல மேடம்."

"போகப் போகச் சரியாயிடும்" என்றார். ஐம்பது போட்டார். பஸ்ஸைப் பிடித்துவிட்டார்.

மே மாதம் இன்னொரு சுற்றறிக்கை வந்தது. 'அறுபது மாணாக்கரும் தத்தம் பிழையினைத் தாமே முன்வந்து ஒப்புக்கொண்டு, நூறு விழுக்காடு நேர்மை எய்தியமை' குறித்து எங்கள் கல்லூரிக்குப் பாராட்டு. வரும் ஆண்டு முதல் எல்லாக் கல்லூரிகளும் இதே முறையைப் பின்பற்ற வேண்டும். சூசைமுத்து அண்ணன் எல்லாருக்கும் அடிக்க வசதியாக அவருக்குப் புது நாற்காலி ஒன்றுக்கு ஒப்புதல் வந்திருக்கிறது. வேலைதான் நிரந்தரம் ஆகவில்லை.

ஜூன் முதல் தேதி கப்பல் அலுவலகத்தில் சேர்ந்தேன். வாசல் பெஞ்சில் யாரும் இல்லை. மேலாளர் நல்ல மனிதர். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, ஒரு புத்தகத்தை நீட்டினார். 'ஊழியர் ஒழுக்க நெறிக் கையேடு.' நாற்பத்திரண்டு பக்கம். கடைசிப் பக்கத்தில், மேற்கண்ட அனைத்தையும் முழுமையாகப் படித்துப் புரிந்துகொண்டேன் என்று அச்சடித்து, கையெழுத்துக்குக் கட்டம் போட்டிருந்தது.

படிக்கலாம் என்று முதல் பக்கத்தைத் திருப்பினேன். மேலாளர் பேனாவின் மூடியைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

நேராகக் கடைசிப் பக்கம் போய்க் கையெழுத்துப் போட்டேன்.

என்ன சிரிப்பு? போன வாரம் செல்போனில் ஏதோ ஒன்று 'ஏற்கிறேன்' என்று கேட்டபோது, நீங்கள் மட்டும் படித்துப் பார்த்துவிட்டா அமுக்கினீர்கள்?